சிறகைத் தூக்குவது எது

என் மருமகள் இல்லாத பிராணிகளுக்கு எலும்பு வரைகிறவள். கல்யாணப் பேச்சு நடந்தபோது மகன் இதைச் சொன்னான். நான் நம்பவில்லை. இருக்கிற பிராணிக்கே எலும்பு எங்கே இருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இல்லாத பிராணிக்கு எலும்பாம், அதற்கு ஒரு ஆபீசாம், அந்த ஆபீசில் ஒரு பெண்ணுக்கு வேலையாம். ஆள் விட்டு விசாரித்தேன். சினிமாவுக்காக அப்படி வரைகிறார்கள் என்று தெரிந்தது. அப்போதும் முழுசாக நம்பிவிடவில்லை. சரி, திருட்டு வேலை இல்லை என்ற அளவில் விட்டேன்.

நான் கோழி அறுத்துப் பிழைத்தவன். கூடு, தராசு, வெட்டுக்கட்டை, கத்தி, எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் தரை, இவ்வளவுதான் என் உலகம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரை பள்ளிக்கூடம் போனேன். மேலே படி என்று யாரும் என் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது தோளில் அடிபட்டது. அதன்பிறகு கத்தியை ஓங்க முடியவில்லை. கடையை வேறு ஆளிடம் விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு வந்தேன். மகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பொழுது விடிகிற நேரத்தில் போனால் சாயங்காலம் வருவான். பகல் முழுக்க வீட்டில் நானும் மருமகளும்தான்.

முன்னறைதான் அவளுக்கு ஆபீஸ். சுவர் முழுக்கப் படம். புறாவின் எக்ஸ்ரே, வௌவாலின் விரல்கள், இறக்கை விரித்த கொக்கு, நடுவில் ஒரு மனித எலும்புக்கூடு. ஜன்னலோரம் பெரிய கம்ப்யூட்டர். அதன் முன்னால் சாய்த்து வைத்த கறுப்புப் பலகை. பலகையில் பேனாவால் கீறினால் திரையில் கோடு விழும். வந்த புதிதில் நான் அந்த அறைக்குள் போகவே மாட்டேன். ஒருநாள் டீ டம்ளரை வைக்கப் போனவன் நின்றுவிட்டேன்.

"என்னம்மா வரையறே?"

"சிறகு மாமா."

"எதுக்கு?"

"ஆளுங்களுக்கு. வேற உலகத்து ஆளுங்க. நம்ம உசரம்தான், ஆனா பறப்பாங்க."

"நம்ம உசரத்துக்கு எவன் பறப்பான்?"

"அங்க காத்து கெட்டியா இருக்கும். உடம்போட எடையும் இங்க இருக்கறதுல பாதிதான் தெரியும். கணக்குப் போட்டுத்தான் மாமா வரையறேன்."

அந்த உலகத்தை யார் பார்த்தது என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளே மேலே சொன்னாள். படத்தை எடுக்கிறவர் முதுகில் இரண்டு சிறகு, முன்னால் இரண்டு கை, அப்படித்தான் வேண்டும் என்கிறாராம். அவரைக் கம்ப்யூட்டர் திரையில் வாசலில் நின்றபடி நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் பாதி தாடி. நான் அவருக்குத் தாடிக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன்.

"காலண்டர் படத்துல வர்ற மாதிரி கேக்கிறார்," என்றாள்.

"குடுத்துட்டுப் போயேன். உனக்கென்ன."

"அந்தச் சிறகை அசைக்கச் சதை எங்க இருக்கு? முதுகுல எலும்பும் தோலும்தானே. அது பறக்காது மாமா."

"சினிமாவுல அம்மிக்கல்லுகூடப் பறக்கும்."

"பறக்கும். ஆனா பாக்கிறவங்க நம்ப மாட்டாங்க. ஏன் நம்பலைன்னு அவங்களுக்கே தெரியாது. உள்ளுக்குள்ள ஏதோ இடிக்கும்."

நம்பாதவனைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு வேலை நடக்கிறது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அவள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

இதுவரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு வேலை. வேறு யாராவது ஒரு பிராணியை வரைந்திருப்பார்கள். இவள் அதற்கு வால் போடுவாள், குளம்பு போடுவாள். இப்போதுதான் முதன்முறையாக ஓர் இனம் முழுவதையும் அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். சிறகு தேறினால்தான் மீதி உடம்பு. தேறாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கி இன்னொரு குழுவிடம் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதுகில் ஒட்டிவிடுவார்கள். இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டே சொன்னாள்.

அவள் யோசனை வேறு. கையே சிறகு. தனியாக ஒன்றும் ஒட்டக் கூடாது. மேல்கை, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் நமக்கு இருப்பது போலவே. மணிக்கட்டுக்கு அப்பால் நாலே விரல். நாலாவது விரல் மட்டும் நீண்டு நீண்டு கம்பு போலப் போகும். அதிலிருந்து இடுப்பு வரை தோல் இழுத்துக் கட்டியிருக்கும். மற்ற மூன்று விரலும் மணிக்கட்டிலேயே சின்னதாக, பிடிக்க, கிள்ள, கொக்கி போடத் தோதாக. படத்தை உற்றுப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நெஞ்சு தட்டையா கெடக்கே. கறியே இல்லாம எதை வச்சு அடிக்கும்?"

"அதைத்தான் மாமா இப்பப் போடப்போறேன். கீழ அடிக்கிற சதை நெஞ்சுல. மேல தூக்கறதுக்கு—"

"முதுகுல."

"இல்ல மாமா. தூக்கறதும் நெஞ்சுலதான்னு படிச்சிருக்கேன்."

"தப்பாப் படிச்சிருக்கே. கீழ இருக்கறது எப்படிம்மா மேல தூக்கும்? மூளை இருக்கறவன் யோசிச்சுப் பாக்கணும். எத்தனை கோழி அறுத்தவன் நான்."

அவள் சண்டைக்கு வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய் ஒரு முழுக் கோழியோடு வந்தாள். சமையல்கட்டு மேடையில் காகிதம் விரித்தாள். என் வலக்கை உதவாது. அதனால் நான் வழி சொல்ல, அவள் அறுத்தாள். அவள் கத்தி பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் என் கடையில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டேன். எப்படியோ தோலை உரித்து, நடு எலும்பை ஒட்டி நெஞ்சுக் கறியைப் பிளந்தாள். படகின் அடிக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த எலும்பைத் தடவிப் பார்த்தாள். இதுவும் வேண்டும் என்று முணுமுணுத்தாள்.

பெரிய சதைக்கு அடியில் எலும்போடு ஒட்டி ஒரு நீளச் சதை இருக்கும். அதுதான் இருப்பதிலேயே மெதுவான கறி. பல்லில்லாதவர்கள் கேட்டு வாங்குவார்கள். அதன் நுனியில் வெள்ளையாக ஒரு நார். வாயில் சிக்கும் என்று அதை இழுத்துப் பிடுங்கி எறிந்துவிடுவோம்.

"அந்த நாரைப் பிடுங்கி எறி," என்றேன்.

அவள் நாரை விரலில் பிடித்தாள். இழுத்தாள். உடம்போடு ஒட்டிக் கிடந்த சிறகு மெல்ல மேலே எழுந்தது.

விட்டாள், சிறகு படுத்தது. மறுபடி இழுத்தாள், எழுந்தது. செத்த கோழி யாரையோ கூப்பிடுவது போலிருந்தது.

"நீ இடது கையால தூக்கறே," என்றேன்.

"என் இடது கை உங்க தோள் மேல இருக்கு மாமா."

பார்த்தேன். இருந்தது. ஆச்சரியத்தில் எப்போது என்னைப் பிடித்தாளோ தெரியவில்லை.

சாயங்காலம் மகனிடம் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "இதுல என்னப்பா அதிசயம்? என் கிரேன்ல மோட்டார் கீழதான் இருக்கு. கயிறு மேல போய் உருளையில திரும்பி வருது. கீழ இழுத்தா சாமான் மேல போகும்."

தோளில் எலும்புகள் கூடுகிற இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறதாம். நார் அதன் வழியாக மேலே ஏறி, திரும்பி, கை எலும்பின் தலையில் ஒட்டிக்கொள்கிறதாம். கனமெல்லாம் கீழே நெஞ்சில் இருந்தால்தான் பறக்கும்போது உடம்பு கவிழாது என்று மருமகள் விளக்கினாள். நான் தலையாட்டினேன். ஆனால் மறுநாள் காலை என் பழைய கடைக்குப் போய், இப்போது அதை நடத்துகிறவனிடம் ஒரு கோழியைக் கேட்டு வாங்கி, அங்கேயே நாரை இழுத்துப் பார்த்தேன். எழுந்தது. "என்ன பெரியவரே, செத்ததுக்கு உடற்பயிற்சியா?" என்று அவன் கேட்டான். நீயும் ஒரு தரம் இழுத்துப் பார் என்றேன். இழுத்தான். அடுத்து வந்த கோழியிலும் இழுத்தான். வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

இதற்குப் பிறகு மருமகளின் வேலை ஓடியது. பறக்கிறவர்களுக்குப் படகு நெஞ்சு வந்தது. தோளில் ஓட்டை வந்தது. அதன் வழியாக நார் வந்தது. பிள்ளையை எப்படித் தூக்குவார்கள் என்று நான் கேட்டேன். பிள்ளைதான் அம்மாவைப் பிடித்துக்கொள்ளும், நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் அதற்குக் கால் வைக்க மடிப்பு இருக்கும் என்றாள். நான் அவர்களைப் பயல்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "பொண்ணுங்களும் இருக்காங்க மாமா," என்று திருத்துவாள்.

வினை அங்கேதான் வந்தது. கதையில் முக்கியமான ஆள் ஒரு மூத்தவள். கூட்டத்துக்குத் தலைவி. வயசாகித் தோள் தளர்ந்தவள். அவள் சிறகு விரிப்பதை அசைய வைத்துக் காட்டச் சொல்லித் தாடிக்காரர் கேட்டிருந்தார். தளர்ந்த தோள் எப்படித் தூக்கும் என்று புத்தகத்தில் இல்லை. மருமகள் கேமராவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, உங்க வலது கையைத் தூக்கிக் காட்டறீங்களா? முடிஞ்ச வரைக்கும்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். விழுந்த பிறகு என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். தோள் மேல் ஓடுகிற நார் அறுந்திருக்கிறது, திறந்து தைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் நார் சுருங்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. கத்தி என் கையில் இருந்தால் எனக்கு நம்பிக்கை உண்டு. இன்னொருவன் கையில் இருந்தால் இல்லை. மகன் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தான். கேமரா வருவதற்கு இரண்டொரு நாள் முன்னால்தான் அவன் போனில் யாரிடமோ, "கை எவ்வளவு தூக்க முடியுதுன்னு வீடியோ எடுத்து அனுப்பறேன் டாக்டர்," என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

ஆக, இதுதானா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். சிறகு, மூத்தவள் என்றெல்லாம் சொல்லி நைசாக வருகிறாள். புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு. சரி, காட்டுகிறேன் என்றேன்.

தோள், முழங்கை, மணிக்கட்டு என்று சிவப்புப் பொட்டுகள் ஒட்டினாள். "அம்மை போட்டவன் மாதிரி ஆக்கிட்டே," என்றேன். கேமரா முன் நின்றேன். உடம்பை இடது பக்கம் சாய்த்தேன். தோளைக் காது வரை ஏற்றினேன். கையைக் கீழிருந்து ஊஞ்சல் மாதிரி வீசி, போகிற வேகத்தில் ஒரு வெட்டு வெட்டினேன். கை தலைக்கு மேலே போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றேன்.

"வலிக்குதா மாமா?"

"எனக்கென்ன வலி? எத்தனை தரம் வேணும்னாலும் தூக்குவேன்."

"பரவாயில்லையே, நல்லா ஆயிட்டு வருதே," என்று சந்தோஷப்பட்டாள். அவள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் அந்த வீடியோவை வைத்துத்தான் மூத்தவளின் சிறகை அசைத்தாள். எங்கோ தூரத்து ஊரில் இருக்கிற ஒரு பெண் அதற்கு உதவினாள். தாடிக்காரர் பார்க்கிற நாள் வந்தது. நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். கதவு சாத்தியிருந்தாலும் அந்த வீட்டில் சுவர் ஒரு பேருக்குத்தான்.

முதலில் மருமகள் வணக்கம் சொல்வது கேட்டது. பிறகு தாடிக்காரர் குரல். "இந்தம்மா பறக்கப் போறாங்களா, சட்டையைக் கழட்டப் போறாங்களா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மருமகள் ஏதோ சொல்ல முயன்றாள்.

"இல்லம்மா, நெஞ்சுலேர்ந்து நாரு, ஓட்டைன்னு நீங்க சொன்னதெல்லாம் கேக்க நல்லா இருந்துது. பாத்தா நல்லா இல்லையே. சின்ன வயசு ஆளுங்க சரி. இவங்களைப் பாத்தா நடிக்கிற மாதிரி இருக்கு. முதுகுல ரெண்டு சிறகு வச்சிட்டா இந்த வம்பே இல்ல. நாளைக்குக் காலையில அப்படி வரைஞ்சு காட்டுங்க. முடியலைன்னா அந்த டீம்கிட்டக் குடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நடிக்கிற மாதிரி இருக்கிறதாம். அந்த மனுஷனுக்குக் கண் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் திரையில் மூத்தவளின் தோளை அழித்துக்கொண்டிருந்தாள். ஓட்டை போயிருந்தது. நார் பாதி போயிருந்தது. முதுகில் காலண்டர் சிறகுக்குக் கோடு போட்டிருந்தாள்.

"எதுக்கு அழிக்கிறே?"

"நார் தப்பு மாமா. கோழிக்குச் சரியா இருக்கு. தளர்ந்த தோளுக்குச் சரியா வரலை. உங்க கையிலயே பாத்தேனே, அது வேற மாதிரில்ல தூக்குது."

"என் கையில பாத்தது பொய்."

அவள் திரும்பினாள்.

"சும்மா வீசிக் காட்டினேன். நீ டாக்டருக்கு அனுப்பப் போறேன்னு நெனச்சேன். கை நல்லா இருக்குன்னு காட்டினா ஆபரேஷன் பேச்சை விட்டுடுவாங்கன்னு."

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். பேனாவைப் பலகை மேல் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"உங்களுக்குத் தெரியாம நான் அனுப்புவேனா மாமா? அப்படிப்பட்டவளா நான்?"

"யாரு எப்படிப்பட்டவங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை நாளா ஒரே வீட்டுல இருக்கோம்."

"இருக்கோம். அதுக்காக?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு வெளியே போயிருப்பேன். அவள் எழுந்து என் பக்கம் வந்தாள்.

"உங்க பிள்ளை கேட்டார், வீடியோ எடுத்துக் குடுன்னு. நீங்களே மாமாகிட்டக் கேளுங்கன்னு சொல்லிட்டேன். போதுமா? இப்ப சட்டையைக் கழட்டுங்க. கேமரா வேணாம். நான் கண்ணால பாத்துக்கறேன்."

கழட்டினேன். அதற்கே இடது கையை வைத்துத்தான் வலது கையை உருவ வேண்டியிருந்தது. அதையும் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினேன், பொய் இல்லாமல். நெஞ்சு வரை வந்தது. நின்றது. இன்னும் மேலே போ என்று மனசு சொல்கிறது, தோளுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. கை நடுங்கியது. இறக்கினேன்.

"அவ்வளவுதான்," என்றேன்.

"நான் தூக்கட்டுமா?"

அவள் என் முழங்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து மேலே கொண்டுபோனாள். கை தடையில்லாமல் போனது. காது வரை, அதற்கு மேலும். அவள் விரலை எடுத்தாள். கை தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள். போனது. விட்டாள். விழுந்தது.

"அப்ப மூட்டுல குத்தமே இல்ல," என்றாள். "கதவு நல்லாத்தான் இருக்கு. திறக்கத்தான் ஆள் இல்ல."

"அதைத்தான் டாக்டரும் சொன்னார்," என்றேன், எரிச்சலாக.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அடியிலேர்ந்து வேற ஏதாவது தூக்கிவிட்டா போதும். காத்து தூக்கிவிட்டா..." என்றாள். அப்புறம் என் கையைத் துண்டைப் போடுகிற மாதிரி போட்டுவிட்டு நாற்காலிக்கு ஓடினாள். நான் சட்டை போட இடது கையால் தடவிக்கொண்டு நின்றேன்.

அன்று முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. டீ வைத்தேன், ஆறிப் போய்த் திரும்பி வந்தது. காலண்டர் சிறகு முதலில் போனது. ஓட்டையும் நாரும் திரும்பி வந்தன. மூத்தவளுக்கு மட்டும் அந்த நார் நைந்து, நூலாகத் தொங்கியது.

காலையில் என்னைக் கூப்பிட்டாள். "வெளிய நின்னு ஒட்டுக்கேக்காதீங்க மாமா. உள்ள வந்து உக்காருங்க. ஆனா பேசக் கூடாது."

மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் தாடிக்காரர் வந்தார். இன்னும் நாலைந்து முகம் வந்தது. முதுகுச் சிறகு எங்கே என்று அவர் கேட்டார். ஒரே ஒரு தரம் இதைப் பாருங்கள் சார், பிறகு உங்கள் இஷ்டம் என்றாள் மருமகள்.

படம் ஓடியது. உயரமான பாறை. நுனியில் மூத்தவள் நிற்கிறாள். சிறகு இரண்டும் உடம்போடு ஒட்டித் தொங்குகிறது. அவள் அவற்றைத் தூக்கவே முயலவில்லை. அப்படியே முன்னால் சாய்ந்து விழுகிறாள். விழ விழக் காற்று அடியில் புகுந்து சிறகைத் தூக்குகிறது. தூக்கி விரித்துவிடுகிறது. விரிந்த பிறகு அவள் சின்ன வயசுக்காரர்களைப் போலத்தான் மிதக்கிறாள். கீழே அடிக்கிற நெஞ்சுச் சதைக்கு ஒன்றும் ஆகவில்லை அல்லவா, அதனால் அடிக்கவும் செய்கிறாள். பிறகு தரையில் ஒரு குழந்தை விழுந்து கிடக்கிறது. அவள் சுற்றிச் சுற்றி வருகிறாள். இறங்குகிறாள். குழந்தையை நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டு சிறகைத் தூக்குகிறாள். நெஞ்சு வரை வருகிறது. நிற்கிறது. நடுங்குகிறது. அவள் அதை இறக்கி மடித்துக்கொள்கிறாள்.

அது என் கைதான். தோலும் விரலும் வேறு. தூக்கிய கை நின்ற இடம் என்னுடையது.

தாடிக்காரர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "அப்புறம் எப்படி மேல போவாங்க?"

"போக முடியாது சார். தூக்கற நார் போயிட்டா, பறந்துக்கிட்டு இருக்கறவங்க பறக்கலாம். தரையிலேர்ந்து எழும்ப முடியாது. நகத்தை மாட்டிப் பாறையில ஏறணும். இல்லன்னா யாராவது சுமந்துட்டுப் போகணும்."

"எறங்கும்போது அவங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியும். அங்க எல்லாருக்கும் தெரியும். வயசானவங்க தரைக்கு வரவே மாட்டாங்க. அதனாலதான் ஊரையே பாறை உச்சியில கட்டியிருக்காங்க."

மற்ற முகங்கள் அவரையே பார்த்தன. நான் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் குழந்தை விஷயம் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கொழந்தையோட அப்பன் எங்க போய்த் தொலைஞ்சான்?" என்றேன்.

தாடிக்காரர் திடுக்கிட்டார். "யாரு அது?"

"என் மாமனார் சார்," என்றாள் மருமகள், தலையைக் குனிந்துகொண்டு. "தோள் அவரோடதுதான்."

"ஐயா, கதையில அப்பன் செத்துட்டான்."

"அதை முன்னாடியே காட்டுங்க. இல்லன்னா இத்தனை சின்ன வயசுக்காரங்க மேல சுத்தறப்ப வயசானவங்களை எறங்க விட்டீங்களேன்னு உங்களைத்தான் திட்டுவாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் யாரிடமோ எதையோ குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மருமகளைப் பார்த்து, "சிறகு இப்படியே இருக்கட்டும். யார்கிட்டயும் குடுக்கலை. அடுத்ததா கால், இடுப்பு. நீங்களே போடுங்க," என்றார். திரை இருண்டது.

அவள் கொஞ்ச நேரம் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். சந்தோஷத்தில் அழுகிறவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வந்த மகனுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவன் அவள் தலையில் கை வைத்து ஆட்டினான். அடுத்து என் பக்கம் திரும்பி, "அப்ப அப்பா, உங்க தோளு..." என்று ஆரம்பித்தான். சினிமா வேறு, ஆஸ்பத்திரி வேறு, இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசாதே என்று சொல்லிவிட்டேன். யோசிப்பதாக இருந்தால் நானே யோசிப்பேன்.

மறுநாள் அவள் மூத்தவளுக்குக் கால் வரைந்துகொண்டிருந்தாள். இனி தரையில்தானே இருக்கப் போகிறாள், கால் பலமாக வேண்டும் என்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ எப்படிம்மா தூங்குவா?" என்று கேட்டேன்.

பேனா நின்றது.

"மல்லாந்து படுத்தா சிறகு நசுங்கும். குப்புறப் படுத்தா அந்தப் படகு எலும்பு குத்தும். சின்னவங்க உச்சியில தொங்கிக்கிட்டுத் தூங்குவாங்கன்னு சொன்னே. தரையில எதுல தொங்குவா?"

அவள் யோசித்தாள். "உக்காந்துக்கிட்டுத்தான் தூங்கணும் மாமா."

"சாய்ஞ்சுக்க ஒண்ணும் இல்லாமலா?"

அவள் மூத்தவளுக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்தாள். அது வளைந்து, மேலே ஏறி, ஒரு பாறையாயிற்று. முதுகு படுகிற இடத்தில் கூரான முனைகள் இருந்தன. அதைக் கொஞ்சம் வழவழன்னு போடும்மா என்றேன். அவள் முனைகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.